5:29:59, இரண்டு முறை

கிரீன்விச் கணக்கில் நள்ளிரவில் சேர்க்கிற நொடி
மண்டபத்துக்கு வந்து சேரும்போது ஐந்தரை.
சுபுஹுத் தொழுகை முடிந்து
நண்டு வல்லங்கள் வடகடல் பக்கம்
கரை பிடிக்கிற நேரம்.

பூமி கொஞ்சம் சுணங்குகிறது,
அதற்காகக் கடிகாரத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்துவார்கள் என்றேன்.
"ஐஸ் உருகாம இருந்தாச் சரி" என்றார் மேலாளர் சீனி இபுராகிம்.
அவருக்குக் குளிர் அறை மைனஸ் பதினெட்டில் நிற்கணும்,
நின்றதைச் சர்வர் எழுதணும்.
எழுத்தில்லாத பெட்டி கொச்சியிலிருந்து திரும்பி வரும்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு நொடியில்
லினக்ஸ் சர்வர்கள் விழி பிதுங்கின.
செத்திருந்தால்கூடப் பரவாயில்லை.
வேலை ஏதும் செய்யாமல்
நூறு சதவீதம் ஓடின,
எள் போடாத செக்கைச் சுற்றுகிற மாடு போல.
மின்விசிறிச் சத்தத்தில்தான் தெரிந்தது.
நான் அப்போது மதுரையில், வேறு கம்பெனியில்.
இருக்கிற தேதியை எடுத்து
அதே தேதியாக மறுபடி வைத்தால் போதும் என்று
யாரோ கண்டுபிடிக்கும்வரை
எட்டு மெஷினை அணைத்து அணைத்துப் போட்டேன்.

ஆகவே இந்த முறை ஒரு வாரம் முன்பே இறங்கினேன்.
கெர்னலைப் புதுப்பித்தேன்.
நேரம் கேட்டு வாங்குகிற நிரலுக்கு
ஒற்றை எழுத்து ஒன்று சேர்த்தேன்:
ஒரே வாயில் விழுங்காதே,
நொடிக்கு அரை மில்லிநொடியாகக் கரைத்துக் குடி.
முப்பத்துமூன்று நிமிஷம் இருபது நொடி ஆகும்.
ஆகட்டும்.
சோதனை மெஷினில் பொய்யாக ஒரு ஜூன் முப்பது உண்டாக்கி
அதன் நள்ளிரவை ஏழு தடவை தாண்ட வைத்தேன்.

ஐந்து இருபத்தெட்டு.
கச்சான் காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி வைக்கிறது.
மேற்கே நிலா. நாளை பௌர்ணமி.
எல்லாம் அது செய்கிற வேலை.
நீரை இழுத்து விடுகிறது,
ஏறி இறங்கும் நீர் அடித்தரையில் உரசுகிறது,
உரச உரச பூமிக்கு வேகம் குறைகிறது.
எங்கள் வடகடல் முழங்காலளவுதான் ஏறும்.
இருந்தாலும் இந்த நொடியில் அதற்கும் ஒரு பங்கு,
துளியோ, துளியில் பாதியோ.

ஐந்து முப்பது.
இரண்டு சர்வரும் அசையவில்லை.
தேநீருக்கு எழுந்தேன்.

துறையிலிருந்து சத்தம்.

எடைக் கொட்டகையில் மேசைக்கடியில்
சிமெண்டுச் சாக்கு போர்த்திய ஒரு பழைய கணினி.
யார் பட்டியலிலும் இல்லை, என் பட்டியலிலும்.
இரண்டு தராசின் வயரும் அதில்தான் முடிகின்றன.
அதுவும் லினக்ஸ்தான்.
சொன்னதைச் சொன்னபடி செய்து
5:29:59
5:29:59
என்று ஒரே நொடியை இரண்டு முறை வாழ்ந்திருக்கிறது.

ஜெரோன் கூடையை வைத்தது முதலாவதன் கடைசியில்.
நாகூர்கனி வைத்தது இரண்டாவதன் தொடக்கத்தில்.
அடுக்கிப் பார்த்த கணினி
பின்னால் வந்தவரை முன்னால் போட்டுவிட்டது.
வரிசைப்படிதான் ஐஸ்.
ராத்திரி கரண்ட் போனதில் கட்டி வேறு குறைவு.

"மொதல்ல வச்சது நானு. ஊரே பார்த்துச்சு."
"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, தங்கச்சி?"
பொய் இல்லை என்றேன்.
அவர் சொல்வதும் பொய் இல்லை என்றேன்.
இருவரும் ஒன்றுசேர்ந்து என்னை முறைத்தது அப்போதுதான்.

ரசீது எண்ணைத் தேடினேன்.
எண்களுக்குப் பூமி சுற்றுவது தெரியாது.
412 ஜெரோன், 413 நாகூர்கனி.
பேனாவால் மாற்றிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.
நேரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
அப்படியே விட்டேன்.

காரணத்தைக் கேட்டுவிட்டு ஜெரோன் கேட்டார்:
"அந்த ஒரு நொடிக்குக் கூலி உண்டா?"
சீனி இபுராகிம் கால்குலேட்டரை எடுத்தே விட்டார்.
என் ராத்திரிச் சம்பளத்துக்கு
ஒரு பைசாவும் சொச்சமும்.

பட்டியலில் மூன்றாவது வரி சேர்த்தேன்:
எடைக் கொட்டகை, மேசைக்கடி.
மணி ஆறு மூன்று.
உள்ளே அந்த இரண்டும்
தங்கள் நொடியை அப்போதுதான்
குடித்து முடித்திருந்தன.